மூக்குக்காரி

எனக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் தாமான் குடியிருப்பில் நிற்கிற கார்களில் எது யாருடையது என்று நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். ஆனால் ஒரே ஒரு காரை மட்டும் எவ்வளவு தூரத்தில் வந்தாலும் சொல்லிவிடுவேன். போன மாதம் லிங்கி சாலையில் அது எதிரே வந்தது. செம்பனைக் காட்டுக்கு நடுவே வளைவில் முதலில் மூக்கு தெரிந்தது. பிறகும் மூக்குதான் தெரிந்தது. போதும் போதும் என்கிற அளவுக்கு மூக்கு வந்து முடிந்தபின், கடைசியில் சின்னதாக ஒரு கண்ணாடியும் அதற்குள் ஒரு தொப்பிக்காரரும் வந்தார்கள். நான் வேனை ஓரம் கட்டிவிட்டு, அது போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் திரும்பிப் "பாத்தீங்களா" என்று சொல்ல ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் தவறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அது அவர் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட கார். ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் நாட்டில் செய்தது. நான் கல்யாணமாகி ரந்தாவில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, எனக்கு முன்பே அது அங்கே குடியேறியிருந்தது. டயர் கடைக் காலண்டரிலிருந்து வெட்டிய படம். வெளிச் சுவரெல்லாம் என் மாமியாருடைய சாமிகள் இருந்ததால் இவர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். சேலை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவள் நிற்பாள். நான் அவளுக்கு மூக்குக்காரி என்று பேர் வைத்தேன். சக்களத்தி என்றே சொல்ல வாய் வரும். மாமியார் காதில் விழுமே என்று விட்டுவிடுவேன்.

அவர் நீலாயில் ஒரு தொழிற்சாலைக்குப் பஸ் ஓட்டினார். ரந்தாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் விட்டு, முந்தின ஷிப்ட் ஆட்களை ஏற்றி வருவது வேலை. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனாலும் அந்தக் காரின் உருவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் மூட மாட்டார். படத்தின் மேல் பிள்ளைகளின் அடிக்கோலை வைத்துக் காட்டுவார். எங்கே வைத்தாலும் ஒட்டாது, ஓரிடத்தில்கூட நேர்க்கோடு கிடையாது. மூக்கு நுனியில் புறப்படுகிற கோடு மெல்ல ஏறி, முன்சக்கரத்தின் மேல் கொஞ்சம் புடைத்து, கதவுப் பக்கம் வரும்போது இடுப்பாக ஒடுங்கி, பின்சக்கரத்தில் மறுபடி எழுந்து, வாலில் போய்க் குனியும். விரலை எடுக்காமல் அந்தக் கோட்டை ஓட்டிக் காட்டுவார். வரைந்தவன் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன் என்பார். நிற்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கிறதே, இன்றைக்குச் செய்த கார்கூட அதன் பக்கத்தில் நின்றால் கிழடாகத் தெரியுமே என்பார். பாதி வண்டி மூக்காகவே போய்விட்டால் அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று நான் கேட்பேன். உனக்கு ரசனையே இல்லை என்று அலமாரியைச் சாத்திவிடுவார். யாரும் இல்லாத நேரத்தில் நானும் அந்தக் கோட்டில் விரலை ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

எங்களிடம் இருந்ததோ வேன். ஏழு சீட். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, காலி இடத்தோடு வண்டியைக் கிளப்ப மாட்டோம். ஒரு காலத்தில் தோட்டத்துக்கே ஒரு லோரியும், பெரிய கிராணி என்கிற தலைமைக் குமாஸ்தாவின் காரும்தான். டவுனுக்குப் போகிறவர் நாலு வீட்டுக்குச் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். தாமானுக்குக் குடிவந்து, வீட்டுக்கு வீடு வண்டி நின்ற பிறகும் அது மாறவில்லை. கேட்காமல் போனால் மனத்தாங்கல் வரும், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். என் வீட்டுக்காரர் இதில் ஒருபடி மேல். வழியில் கை காட்டியவர் எவரையும் அவர் தாண்டிப் போனதில்லை.

அதனால் நானும் அவரும் தனியாக ஓரிடத்துக்கும் போனதில்லை. கல்யாணமான புதிதில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனோம், ஒன்பது பேர். பின்னால் உட்கார்ந்தால் மாமியாருக்குத் தலை சுற்றும் என்பதால் முன் சீட் அவருக்கு. அவர் வராத நாளில் பெரிய நாத்தனாருக்கு. பிறகு என் மூத்த பையனுக்கும் தலை சுற்ற ஆரம்பித்தது, பரம்பரை வியாதி போலிருக்கிறது. இருபத்திரண்டு வருடம் நான் நடு வரிசையில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் பிடரியைப் பார்த்துக்கொண்டே போய் வந்தேன். அவருக்கு முடி நரைத்ததை அங்கேதான் முதலில் கண்டேன். வீடும் அப்படித்தான், மூன்று அறையில் எட்டுப் பேர். அவரிடம் ஏதாவது சொல்ல நினைத்து வைத்திருப்பேன். ஆள் ஒழிந்து சொல்ல நேரம் வரும்போது என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்திருக்கும்.

லிங்கியில் என் அண்ணன் வீட்டு விசேஷம் முடிந்து திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுப் பாலம் தாண்டி, இளநீர்க் கடை வாசலில் மூக்குக்காரி நிஜமாகவே நின்றுகொண்டிருந்தாள். கரும்பச்சை நிறம். என் வீட்டுக்காரர் வேனை நிறுத்தி இறங்கினார். தொட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலைச் சுற்றுவதுபோல அதைச் சுற்றி வந்தார். இளநீர் குடித்துக்கொண்டிருந்த வயதான சீனர் ஒருவர்தான் சொந்தக்காரர். இவர் சுற்றுவதைப் பார்த்துச் சிரித்து, ஏறி உட்காரும்படி மலாயில் சொன்னார். இவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். ஸ்டீரிங்கைப் பிடித்தார். பிறகு கையை நீட்டி அந்தப் பக்கத்துக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாயேன்" என்றார்.

வேனில் மாமியார், அவர் தங்கை, பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பெண் எல்லாரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் இடுப்பில் கடைக்குட்டி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எல்லாரும் பார்க்கிறார்கள், வாங்க போகலாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினார், இறங்கினார், செருப்பைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, என்ன, தரிசனம் கிடைத்துவிட்டதா என்று சீண்டினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து காலுறை போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே பதில் சொன்னார்.

"கோடு, மூக்கு எல்லாம் அழகுதான். ஆனா எனக்கு அதுல ரொம்பப் புடிச்சது எது தெரியுமா? ரெண்டே சீட்டு. மூணாவது ஆளு ஏறவே முடியாது. கூப்புடலன்னு யாரும் கோவிச்சிக்கவும் முடியாது பாரு."

நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். அதற்குள் மாமியார் அடுப்படியிலிருந்து கூப்பிட்டார், போய்விட்டேன். இத்தனை வருடம் அவர் ஒரு காருக்கு ஆசைப்படுகிறார் என்று நினைத்திருந்தேன். அந்தக் காரை வாங்க முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அன்று திறந்துவிட்ட கதவு இலவசமாகத்தானே திறந்திருந்தது? ஒரே ஒரு நிமிடம் ஏறி உட்கார்ந்திருக்கலாம். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஏறியிருக்கலாம்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். மாமியார் காலமானார். வேனில் சீட்டெல்லாம் காலியாகிற நேரத்தில் அவருக்கு இனிப்புநீர் வியாதியால் சிறுநீரகம் கெட்டுப்போனது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் சிரம்பானுக்கு டயாலிசிஸ். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பது வயது தாண்டிய நான் லைசென்ஸ் எடுக்கப் போனேன். மேட்டில் நிறுத்தி எடுக்கிற சோதனையில் இரண்டு தடவை பின்னால் உருண்டேன், மூன்றாவது தடவை தேறினேன். அப்படித்தான் முதன்முதலாக நாங்கள் இரண்டு பேரும் முன் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

அதுவும் ஒரு வாரம்தான். இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தார். கணவர் இல்லை, மகள் சிரம்பானில். பேரப்பிள்ளையைப் பார்க்க ஒருநாள் கூட வரலாமா என்று கேட்டார். ஏறுங்கக்கா என்று என் வீட்டுக்காரர்தான் முந்திக்கொண்டு சொன்னார். அதிலிருந்து வாரத்தில் மூன்று நாளும் அக்கா முச்சந்தியில் தயாராக நிற்பார். சில நாள் கூட ஒருவரையும் அழைத்து வருவார். நல்ல மனுஷி. இவர் படுத்தபோது எங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர். ஆனால் ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேசுவார். நான் சாலையைப் பார்ப்பேன், இவர் பின்னால் திரும்பி அக்காவுக்குத் தலையாட்டிக்கொண்டே வருவார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். இதயமும் தளர்ந்துவிட்டது, அதிக நாள் சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும்போதும் அக்கா பின்னால் இருந்தார். அதனால் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

வியாழக்கிழமை வழக்கம்போலக் கிளம்பினோம். முச்சந்தியில் அக்கா ஒரு கையில் குடையும் மறுகையில் கூடையுமாக நின்றார். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். என் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாத" என்றார் அவர்.

அக்கா நிற்கிறார்களே என்றேன்.

"தெரியுது. இன்னிக்கி வேணாம்லா. போ."

அவர் அக்கா பக்கம் திரும்பவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலை எடுத்தேன். கண்ணாடியில் அக்காவின் கை மெதுவாக இறங்குவது தெரிந்தது.

அன்றைக்குத் தோட்டங்கள் வழியாகப் போகிற பழைய சாலையில் போகச் சொன்னார். மெதுவாக ஓட்டு என்றார். பின்னால் வந்த மோட்டார்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டேன். பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. லிங்கியில் அன்றைக்கு நீ ஏன் ஏறவில்லை என்று கேட்டார். வெட்கமாக இருந்தது என்றேன். இப்போது என்று கேட்டார். இப்போது இல்லை என்றேன். கியர் மேல் இருந்த என் கைமேல் அவர் கையை வைத்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போயிருந்த கை. நான் கியர் மாற்றும்போதெல்லாம் இரண்டு கையும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்தன. அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்து தாதியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதற்குப் பிறகு எங்களுக்கு அந்தச் சாலையில் நாலே நாலு பயணம்தான் மிச்சமிருந்தது.

மறுநாள் காலையில் அக்கா எங்கள் வீட்டு கேட்டுக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வருத்தமாக வந்தார். ஒருவேளை நான் தன்னைப் பார்க்காமல் போயிருப்பேன் என்று அவரே எனக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டார். பார்த்தேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை, பார்க்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"நாளைக்கிப் போவீங்கல்ல தங்கச்சி, நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

உள்ளே கூடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். காது நன்றாகக் கேட்கும்.

"இடம் இல்லக்கா" என்றேன்.

அக்கா என் முதுகுக்குப் பின்னால் நின்ற ஏழு சீட் வேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மறுபடியும் அதையேதான் சொன்னேன்.