மல்லாட்டைக் கொல்லையில் ஓடுதளம்

விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போடச் சொன்னால் எனக்கு வியர்த்துவிடும். நான் எதையும் கடத்துகிற ஆள் இல்லை. என் பையில் அதிகபட்சம் இட்லிப் பொடி இருக்கும். ஆனாலும் சீருடை போட்டவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், "ஐயா, நான் டேப்போட ஒரு முனையைத்தான் புடிச்சேன்" என்று சொல்ல வாய் தானாகத் தயாராகிவிடும். காரணம் உண்டு. பன்னிரண்டு வயதிலேயே ஒரு விமான நிலையம் கட்டியவன் நான். அதுவும் கடலூரில்.

சரியாகச் சொன்னால் கட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. நான் உதவியாளன். மாமா சிதம்பரத்தில் தங்கிப் படித்து ஏதோ ஒரு பட்டம் வாங்கி வந்து, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். ரிப்பேருக்கு வந்தவற்றைவிட அவருடைய சொந்தக் கம்ப்யூட்டர்தான் அதிக நேரம் ஓடியது. அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. சென்னையில் ஏறினால் திருச்சியில் இறங்கலாம். நடுவில் எங்கள் ஊர் வரவேண்டிய இடத்தில் ஒரு வீடு கிடையாது, ஒரு தெரு கிடையாது, வெறும் பச்சை. மாமாவுக்கு அது மானப் பிரச்சினை.

அந்த நேரத்தில்தான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் ஒரு மென்பொருள் கிடைத்தது. அதை வைத்து விளையாட்டுக்குள் நாமே விமான நிலையம் அமைத்துக்கொள்ளலாம். ஓடுதளத்தை மவுசால் பிடித்து இழுத்து வைக்கலாம், கொட்டகை போடலாம், மரம் நடலாம். காசு கிடையாது. காசு இல்லாததால் விளக்கமும் கிடையாது. மாமா முதலில் வைத்த ஓடுதளம் பூமிக்குள் புதைந்துகொண்டது. அடுத்தது தரைக்கு மேலே மேசை மாதிரி நின்றது. அதன் ஓரத்துக்குப் போன விமானங்கள் தொப்பென்று கீழே விழுந்தன. சிதம்பரத்துக் கோபுரங்களைச் செய்ய அதில் வழி இல்லை என்பதால், விமானக் கொட்டகைகளைச் சின்னதாக்கி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நான்கு மூலைக்கு நான்கு நிறுத்தினார். தெற்கிலிருந்து வரும் பைலட் அந்தக் கொட்டகைகளைக் கும்பிட்டுக்கொண்டு, கடல் வலது கைப்பக்கம் இருக்கும்படி நேராக வந்தால் கடலூர்.

கடலூரில் எங்கே என்பதுதான் கேள்வி. மாமாவுக்கு எல்லாம் நிஜமான இடத்தில் இருக்க வேண்டும். ஆலப்பாக்கம் தாண்டி, சிதம்பரம் ரோட்டுக்குக் கிழக்கே, என் பெரியப்பாவுக்கு ஒரு மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை விளைகிற புன்செய் நிலம், இருந்தது. பெரியப்பா அப்பாவின் அண்ணன். எங்கள் சொந்தத்தில் மண்ணை மட்டும் நம்பிச் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான். மேடு பள்ளம் இல்லாத இடம், இதைவிடத் தோதாகக் கிடைக்காது என்று மாமா முடிவு செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் கிளம்பினோம். நீளமான டேப், சுண்ணாம்புப் பொடி, சிவப்புத் துணி கட்டிய குச்சிகள், ஒரு கேமரா. வெயிலுக்காக மாமா தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார். எதற்காகவோ சட்டையை டக் இன் வேறு செய்திருந்தார். எங்கள் பக்கத்தில் அப்படி ஓர் ஆள் டேப்போடு கொல்லையில் இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு அது தெரியாது. மாமாவுக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

பெரியப்பா அன்று பண்ருட்டிக்குப் போயிருந்தார். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் வரப்பில் நின்று எங்களை வெகுநேரம் பார்த்தார். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நின்றேன். கடைசியில் அவர், இன்னா சார் வேலை நடக்குது என்று கேட்டார். மாமா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"ஏர்போர்ட்."

ஆடுகள் அங்கேயே நின்றன. ஆள் மட்டும் வேகமாகப் போனார். மீதியை அடுத்த வாரம் அளக்கலாம் என்று குச்சிகளை அப்படியே விட்டுவிட்டு நாங்களும் வந்துவிட்டோம்.

எங்கள் மாவட்டத்தில் அரசாங்கத்துக்கு நிலம் கொடுத்துப் பழகிய ஊர்கள் நிறைய. சுரங்கத்துக்குக் கொடுத்தவர், தொழிற்சாலைக்குக் கொடுத்தவர் என்று எல்லாக் குடும்பத்திலும் ஒரு சம்பந்தி இருப்பார். நஷ்டஈட்டில் வெறும் மண்ணுக்கு ஒரு விலை, அதில் நிற்கிற மரத்துக்குத் தனி விலை என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஆகவே ஆபீசர் அளந்துவிட்டுப் போன மறுநாள் காலையில் ஊரே தென்னங்கன்று வாங்கக் கிளம்பியது. நெல்லுக்கு நடுவில் நட்டார்கள், களத்துமேட்டில் நட்டார்கள். ஒருவர் மாட்டுக் கொட்டகைக்கு அவசரமாகச் சுவர் எழுப்பினார்.

இதையெல்லாம் பெரியம்மா போனில் அழுதுகொண்டே சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெரியப்பா மட்டும் எதையும் நடவில்லையாம். வரப்பில் உட்கார்ந்து சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லையாம். வந்தவர் டக் இன் செய்த ஆபீசராம், கூட ஒரு சின்னப் பையனாம். அப்பா ரிசீவரைக் காதில் வைத்தபடியே மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் மொபெட்டைப் பார்த்தேன்.

அப்பா போனிலேயே உண்மையைச் சொன்னார். பெரியப்பா நம்பவில்லை. நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லச் சொன்னாராம்.

நான் அதை எப்படிப் புரிந்துகொண்டேன் என்றால், பெரியப்பா முன்னால் வருவார், பின்னால் கலெக்டர் வருவார், அவருக்குப் பின்னால் ஜீப்பில் போலீஸ் வரும். பள்ளிக்கூடப் பையைக் காலி செய்து பல்தேய்க்கும் பிரஷ், ஒரு டவுசர், நான் மாணவன்தான் என்று நிரூபிக்க ஜியாமெட்ரி பாக்ஸ் என்று மூன்றையும் எடுத்து வைத்தேன். டேப்பின் ஒரு முனை பற்றிய வாக்குமூலத்தை மனப்பாடம் செய்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். டிரம் என்னைவிடக் குள்ளம் என்பதை அம்மா வந்து தலையில் தட்டிய பிறகுதான் கவனித்தேன்.

பெரியப்பா தனியாகத்தான் வந்திருந்தார். எப்போதும்போல் மஞ்சள் பையில் மல்லாட்டை கொண்டுவந்திருந்தார். கண் மட்டும் உள்ளே போயிருந்தது.

"காட்டு மச்சான், பாத்துடறேன்" என்றார்.

மாமா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். திரையில், மேலிருந்து பார்க்கிறமாதிரி, பச்சை நிலம். கடலையும் ரோட்டையும் மாமா கோடு போட்டு வைத்திருந்தார். பெரியப்பா முதலில் கடலைப் பார்த்து ரோடு என்று நினைத்தார். பிறகு விரலை வைத்து மெல்ல மெல்ல வந்து, சாம்பல் நிறப் பட்டையின்மேல் நிறுத்தினார்.

"இது என் கொல்ல மேல கெடக்குது."

"மாமா, இது வெளையாட்டு மாமா. சத்தியமா நெசத்துல ஒண்ணும் இல்ல" என்றார் மாமா. அவருக்குப் பெரியப்பா மாமா முறை.

"அது தெரியுது. சும்மா நவுத்திப் பாரேன்."

மாமா மவுசால் பிடித்து இழுத்தார். ஓடுதளம் நழுவி மேற்கே போய் உட்கார்ந்தது. அவ்வளவு பெரிய சமாச்சாரம் ஒரு விரலில் நகர்ந்ததைப் பெரியப்பா வாயைத் திறந்தபடி பார்த்தார். பிறகு, அங்கே வேண்டாம் என்றார். அது பால்காரம்மா நிலம், புருஷன் இல்லாத பொம்பளை. மாமா வடக்கே தள்ளினார். அது அண்ணன் தம்பிகள் கேசு போட்டுக்கொண்டு கிடக்கிற நிலம்; அவர்களே பாவம். தெற்கே தள்ளினார். காலனிக்காரர்களுக்கு இப்போதுதான் பட்டா வந்திருக்கிறது. கிழக்கே மணல்தான் மாமா, யாருடைய நிலமும் இல்லை என்று மாமா தைரியமாகத் தள்ளினார். அது கடல்கார சனம் வலை காயவைக்கிற இடமாம். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரே இழுப்பில் ஓடுதளத்தைக் கொண்டுபோய் நீலத்தில் போட்டார். அது கடல்மேல் ஜம்மென்று மிதந்தது. நான் கைதட்டினேன்.

"அவுங்க படகு எப்பிடிப் போவும்?" என்றார் பெரியப்பா.

மாமா மவுசை விட்டுவிட்டார். "பின்ன எங்கதான் மாமா வெக்கறது?"

பெரியப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வைத்த காபியில் ஆடை கட்டியது.

"சரி, என் கொல்லயிலயே கெடக்கட்டும். வெளையாட்டுதான."

மாமா ஓடுதளத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து சேமித்தார். பிறகு விளையாட்டைப் போட்டு, பெரியப்பாவைச் சிதம்பரத்திலிருந்து ஏற்றிவந்தார். அடுக்கிய கொட்டகைகள் வந்தபோது பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். விமானம் அவர் கொல்லையில் குலுங்கி இறங்கியபோது சிரித்துவிட்டார்; மாமாவின் முதுகில் ஒரு தட்டு தட்டி, இரண்டு கரண்டி சோறு கூடவே வாங்கிச் சாப்பிட்டார். நான் பள்ளிக்கூடப் பையிலிருந்து டவுசரை எடுத்து மறுபடி பீரோவில் வைத்தேன்.

பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். நிறுத்தத்தில் நின்றபோது பெரியப்பா கேட்டார்.

"தம்பி, இந்த மாதிரி கம்ப்யூட்டரு கலெக்டர் ஆபீஸ்லயும் இருக்குமா?"

ஜெயிலிலிருந்து தப்பிய சந்தோஷத்தில் எனக்கு அறிவு பொங்கிக்கொண்டிருந்தது.

"எல்லா ஆபீஸ்லயும் இருக்கு பெரியப்பா. அந்த சாஃப்ட்வேரு வேற ஃப்ரீ. யாரு வேணா போட்டுக்கலாம்."

அவர் தலையாட்டினார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குச்சிகளைப் பிடுங்கவும் ஊரிடம் திட்டு வாங்கவும் போனோம். மாமா சட்டையை வெளியே விட்டிருந்தார். விமான நிலையம் வரவில்லை என்ற செய்தி அதற்குள் ஊருக்குள் பரவிவிட்டது. களத்துமேட்டுத் தென்னங்கன்றுகள் தண்ணீர் காணாமல் காய்ந்துகொண்டிருந்தன. நெல் நடுவில் நட்டவற்றைப் பிடுங்கி வரப்பில் போட்டிருந்தார்கள். அன்று வந்த அதே ஆடுகள் அவற்றைத் தின்றுகொண்டிருந்தன.

பெரியப்பாவின் கொல்லையில் மட்டும் புதிதாகக் குழி எடுத்து, ஈரம் காயாமல், ஒவ்வொன்றுக்கும் முள் அடைத்து, வரிசையாகத் தென்னங்கன்று நின்றது. அவர் குடத்தோடு நடுவில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்த மனுஷர். விமானத்தில் ஏறி இறங்கக்கூடச் செய்தார்.

"பெரியப்பா, அது கேம்னு சொன்னமே!"

"ஆமாப்பா, கேம்தான். கலெக்டர் ஆபீஸ்லயும் இருக்குன்னியே" என்று சொல்லிவிட்டு அடுத்த கன்றுக்குப் போனார்.

திரும்பி வரும்போது மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து கடலூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். மாமா மட்டும் வண்டியை மெதுவாக ஓட்டி, வழியில் இரண்டு முறை நிறுத்திக் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்று தொப்பி போடாமல் வந்ததால் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.