கிருபாராணி ஆன்ட்டியின் அண்டா

அண்டாவின் கழுத்தில் 'கிருபாராணி' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். நாசரேத்தில் கல்யாணச் சீராக வந்தது. பழைய சேலை சுற்றி விமானமேறி அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் நகருக்கு வந்தது. வருடத்தில் இரண்டு முறைதான் அதற்கு வேலை. மார்ச் பதினேழு, செயின்ட் பேட்ரிக் நாளில், பக்கத்து வீட்டு ஐரிஷ்கார மார்கரெட்டுக்காக மாட்டிறைச்சி. இரண்டு வாரம் கழித்து, தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு நூற்றைம்பது பேருக்கு சாம்பார். பதினொரு வருடமாக இப்படித்தான். ஆன்ட்டி வீட்டு மாடியில் குடியிருக்கும் எனக்கு இது தெரியும். பள்ளிக் கமிட்டிக்குத் தெரியாது.

ஆன்ட்டி நர்ஸ். நைட் ஷிஃப்ட் பார்த்த வருடங்களில் அவர் மகள் ஷைனாவைத் தூங்கவைத்தது மார்கரெட். உப்பில் ஊறிய கார்ன்ட் பீஃபைக் கழுவி, கொதிக்கவிடாமல் மூன்று மணி நேரம் சிறுதீயில் வேகவைக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். உருளைக்கிழங்கும் கேரட்டும் பிறகு. முட்டைக்கோஸ் கடைசிப் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கூடாது. இந்த வருடம் மார்கரெட் இடுப்பு முறிந்து மறுவாழ்வு மையத்தில் கிடந்தார். "என் வார்டுல எட்டுப் பேர் இருக்காங்க, எல்லாருக்கும் வேணும்" என்று போனில் உத்தரவு. ஆன்ட்டி அன்று சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. பின்முற்றத்து கேஸ் பர்னரில் அண்டா ஏறியது. கேரட் சீவியது நான்.

முட்டைக்கோஸைப் போட்ட நேரத்தில் பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஸ்ரீநிவாசன் வந்தார். பள்ளிக் கமிட்டிச் செயலாளர். அண்டாவை முன்கூட்டியே எடுத்துப்போக வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆன்ட்டி... இது என்ன, மட்டனா?"

"மாடு."

"இந்த அண்டாலயா?"

"வேற எதுல? உங்க காருலயா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இஷ்யூ இல்ல ஆன்ட்டி. நானே ஆபீஸ்ல பர்கர் சாப்பிடுவேன். ஆனா கமிட்டித் தலைவி அனந்தலக்ஷ்மி மாமிக்குத் தெரிஞ்சா பெரிய ப்ராப்ளம். வெங்காயமே தொடாதவங்க. உங்க சாம்பார்னா மட்டும் ரெண்டு தடவ வாங்குவாங்க."

"தெரியும்."

"அதனால சிம்பிளா முடிச்சுடலாம். அண்டா ஓட்டையாயிடுச்சுன்னு சொல்லிடுங்க. நாங்க புதுசு வாங்கிக்கறோம். சாம்பார் எப்பவும்போல நீங்கதான். யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்."

ஆன்ட்டிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் சொல்லாம இருந்தது தப்புதான். புளி போட்டுத் தேய்ச்சா போயிரும்னு நெனச்சேன். யாரும் கேக்கவும் இல்ல. அது என் தப்பு, நான் சொமக்கேன். ஆனா நீங்க பாத்துட்டு, தெரிஞ்சே அந்தம்மா கிட்ட பொய் சொல்லச் சொல்லுதீங்க. ஓட்டையாம்ல, ஓட்டை! அண்டாவுல ஓட்டை இல்ல, சார்."

"ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க. உங்க நல்லதுக்குத்தான்..."

"என் நல்லதுக்கா? மாமி சண்டை போட்டா உங்க செயலாளர் நாற்காலி ஆடும், அதுக்கு!"

ஏப்ரனில் கையைத் துடைத்து, அங்கேயே போனை எடுத்தார். ஸ்ரீநிவாசன் "வேணாம் ஆன்ட்டி, ப்ளீஸ்" என்று கையைப் பிடிக்கப் போனார். ஆன்ட்டி பார்த்த பார்வையில் கை பின்வாங்கியது. ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"சொல்லுங்கோ கிருபா, சாம்பார் பொடி அரைச்சாச்சா?"

ஆன்ட்டி மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தார். எந்த அண்டா, எத்தனை வருடம், எந்த இறைச்சி. அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"பதினோரு வருஷம்" என்றார் மாமி. "என் ஆத்துக்காரர் தெவசத்துக்கு மறுநாள்கூட அந்த சாம்பாரைச் சாப்பிட்டிருக்கேன். இவ்வளவு பேசறவ, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்."

"இனிமே எங்களுக்கு நீ சமைக்க வேண்டாம்." போன் அணைந்தது.

ஸ்ரீநிவாசன், "நான்தான் சொன்னேனே ஆன்ட்டி" என்று ஆரம்பித்தார்.

"வெளிய போங்க. கதவச் சாத்திட்டுப் போங்க."

அவர் போனபிறகும் ஆன்ட்டி நின்ற இடத்திலேயே நின்றார். அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை நான் அணைத்திருக்கலாம். எனக்கும் அதற்கும் நடுவில் அவர் நின்றார்.

மாலையில் மறுவாழ்வு மையத்தில் மார்கரெட் முள்கரண்டியால் முட்டைக்கோஸைத் தூக்கினார். அது துணிபோலத் தொங்கியது.

"கொன்னுட்டியே ராணி. யார் மேல கோபம்?"

"ரெண்டு பேரு மேல. ஒருத்தர் பேரு ஸ்ரீநிவாசன்."

இன்னொருவர் யார் என்று மார்கரெட் கேட்கவில்லை. தட்டைக் காலிசெய்து, இன்னும் கொஞ்சம் கேட்டார். ஆன்ட்டி பரிமாறினார், சிரிக்காமல்.

வீடு திரும்பியதும் அண்டாவைத் தேய்த்தார். இந்த முறை புளி இல்லை, வெறும் சோப்பு. துடைத்துத் தரையில் சாய்த்து, சுத்தியலும் ஆணியும் கேட்டார். 'கிருபாராணி'க்குக் கீழே ஆணியை ஊன்றி அடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு அடிக்கும் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. 'மாடு' என்று கோணலாக இரண்டு எழுத்து விழுந்தது.

"ஆன்ட்டி, இனிமே இத எடுத்துட்டுப் போக யாரும் வரமாட்டாங்களே" என்றேன். அன்று நான் பேசிய முதல் முழு வாக்கியம்.

"வராட்டி போகட்டும். நான் படிக்கணும்லா, தம்பி." ஆணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முனை வளைந்திருந்தது. "வேற ஆணி இருக்கா? 'கறி' பாக்கி இருக்கு."