மேல்கொல்லை மண்ணு

பாகம் பிரிச்சப்ப மாந்தோப்புல மேல்பாதி எங்களுக்கு, கீழ்ப்பாதி கொழுந்தனாருக்கு. சரிவான கொல்லை. மானாவாரி, மழைய விட்டா வேற தண்ணி கெடையாது. மேல்பாதிய நான்தான் கேட்டு வாங்குனேன். மாரண்டஹள்ளி பஸ்ஸுல போறவங்க கண்ணுல மொதல்ல படறது அதுதான்.

எங்க பக்கத்து ஜனங்க தோப்புல காயப் பாக்கமாட்டாங்க, தரையத்தான் பாப்பாங்க. புல்லு இருந்தா 'சோம்பேறி வூட்டுக் கொல்லை'ம்பாங்க. அந்தப் பேரு எனக்கு வரலாமா? மழை பேஞ்சு ஈரம் காயறதுக்குள்ள டிராக்டர் வுட்டு ஓட்டிடுவேன். மிச்சம் மீதிக்குக் களைக்கொல்லி. மரத்தடியில சோறு கொட்டித் திங்கலாம், அவ்வளவு சுத்தம்.

கொழுந்தனார் சம்சாரம், என் ஓரகத்தி இருக்காளே, அவ உழவே மாட்டா. புல்ல வளரவுட்டு, மிஷினால அறுத்து, அங்கயே மரத்தடியில போடுவா. மரத்துக்கு நடுவுல கொள்ளு வெதைப்பா. போன்ல பாத்துக் கத்துக்கிட்டாளாம். வந்தவங்க போனவங்க கிட்டயெல்லாம் வருசக்கணக்கா சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்.

அந்தச் சிரிப்பு பங்குனி வரைக்குந்தான். என் மரத்துல பிஞ்செல்லாம் வெம்பிக் கொட்டுச்சு. அவ மரத்துல குண்டு குண்டாக் காய். ரெண்டும் ஒரே பெங்களூரா ரகம், எங்க மாமனார் ஒண்ணா நட்ட செடிங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. அவ திருட்டுத்தனமா ஏதோ உரம் போடறான்னு வூட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். மனுசன் காதுலயே வாங்கல.

சித்திரையில ஒரு கோடை மழை கொட்டுச்சு. விடிஞ்சதும் ஓடிப் போய்ப் பாத்தா, என் சுத்தமான தரை பூரா வாய்க்கா வாய்க்காவா அரிச்சுக் கெடக்குது. மரத்து வேரெல்லாம் வெளிய தெரியுது. கீழ அவ புல்லுக்குள்ள செம்மண்ணு மெத்தையாட்டம் தங்கியிருக்குது. அவ மம்பட்டியோட நின்னா. சண்டைக்குத் தயாராத்தான் எறங்குனேன்.

"அக்கா, இது உங்க மண்ணுதானுங்க. வருசா வருசம் இப்படித்தான் எறங்கி வருது. கூடை கொண்டாந்து அள்ளிக்கிங்க."

கேலி பண்ணியிருந்தாலாவது நல்லாத் திட்டியிருப்பேன். மொகத்துல கேலியே இல்ல. எந்தக் காயப் பாத்து வயிறெரிஞ்சேனோ, அது இத்தன வருசமா என் மண்ணத் தின்னு பெருத்த காய்.

போய்க் கூடை கொண்டாந்தேன். அள்ளுனா மண்ணு தனியா வரல, பாதி அவ புல்லுதான் வேரோட வருது. உதறிப் பாத்தேன், புல்லு மண்ண வுடமாட்டேங்குது. அப்படியே சொமந்துட்டுப் போய் என் மரத்தடியில கொட்டுனேன்.

அப்பன்னு பாத்து ரோட்டுல பஸ்ஸு போச்சு. பாத்துட்டுப் போகட்டும்.