பச்சை வளையமும் ஸ்டெல்லாவின் கைகளும்

நான் வந்து சேர்ந்திருக்கும் இந்த ஜெர்மன் ஊரில் பாக்டீரியாக்களுக்குத்தான் எங்கள் ஆம்பூர் வெயில் கிடைக்கிறது. வெளியே பனி கொட்டும்போது, அவற்றை வளர்க்கும் சூடான அறைக்குள் ஏதாவது சாக்குச் சொல்லி நுழைந்து கொஞ்ச நேரம் நிற்பேன். சிறுத்தையின் புள்ளியும் வரிக்குதிரையின் கோடும் யாரும் வரையாமலே எப்படி வருகின்றன? செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ரசாயனச் செய்தியால் என்பது ஒரு பதில். அதைச் சோதிக்கத்தான் எங்கள் ஆய்வகத்தில் பாக்டீரியாவின் மரபணுவை மாற்றினோம். அவற்றை வளர்க்கும் தட்டின் நடுவில் இருப்பவை ஒரு பொருளைச் சுரக்கும். ரொம்பக் கிட்டேயும் இல்லாமல் ரொம்பத் தூரத்திலும் இல்லாமல் இருப்பவை மட்டும் பச்சையாக ஒளிர்ந்து வளையமாகத் தெரிய வேண்டும். இரண்டு வருடமாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா இறந்ததும், நான் வேலூரில் படிப்பைத் தொடரட்டும் என்று தங்கை ஸ்டெல்லா பத்தாவதோடு ஷூ கம்பெனிக்குப் போனாள். தோலுக்குப் பசை தடவும் வேலை. சில வருடங்களில் விரல் நுனிகள் வெளுத்தன. பிறகு புறங்கையிலும் வெள்ளைத் திட்டுகள். "பசையாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார் டாக்டர். வேலையை விட்ட பிறகும் அது நிற்கவில்லை.

ஒருநாள் கைகளைப் படமெடுத்து இமெயிலில் அனுப்பியிருந்தாள். என் திரையை எட்டிப் பார்த்த சக ஆய்வாளர் இங்க்ரிட், "எவ்வளவு அழகு! இரண்டு பக்கமும் ஒரே வடிவம். எந்தப் பரிசோதனை?" என்றாள்.

"என் தங்கை" என்றேன்.

பதறி மன்னிப்புக் கேட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் கேட்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் நானும் அந்த வடிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று போனில் ஸ்டெல்லா கேட்டாள்: "நீ இதத்தானக்கா படிக்கிற? ஜாஸ்தி ஆயிட்டே போவுது. எங்க நிக்கும்னு கூடவா தெரியாது?"

"தெரியாதுடி. வரவைக்கத்தான் கத்துக்கிறோம். நிறுத்தத் தெரியல."

அடுத்த மாதம் வாணியம்பாடியிலிருந்து ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வந்தார்கள். சாயங்காலமே அவளிடமிருந்து போன் வந்தது. எனக்கு மதியம், ஆய்வகத்தில் இருந்தேன்.

"போய்ட்டாங்கக்கா. நான் கைய மறைக்கல. காப்பி நீட்னேன், மாப்பிள்ளயோட அம்மா டம்ளர வாங்கவே இல்ல."

"ஸ்டெல்லா..."

"இன்னா சொல்லப் போற நீ?"

வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே இங்க்ரிட் ஓடிவந்து ஒரு தட்டை என் கையில் திணித்தாள். நீல விளக்கின் கீழே மெல்லிய பச்சை வளையம், ஒரு இடத்திலும் அறுபடாமல். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அழுவதைச் சந்தோஷம் என்று நினைத்து இங்க்ரிட் கட்டிக்கொண்டாள். ஒரு கையில் தட்டு. இன்னொரு கையில் போன்; ஆம்பூரில் யாரும் எடுக்காமல் மணி அடித்துக்கொண்டே இருந்தது.