வென்றும் இறங்கிய அணி

இன்று கைபேசியில் அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தரவரிசை வந்தது. புரொபெசோரேயின் கல்லூரி அணி போன வாரம் ஒன்பதாவது, இப்போது பதினான்காவது. செப்டம்பர் பிறந்தால் இதைப் பார்க்காமல் எனக்குக் கோப்பி இறங்காது. அமெரிக்காவுக்கு நான் போனதுமில்லை, அந்த விளையாட்டு இன்றுவரை பிடிபட்டதுமில்லை. கால்பந்து என்று பெயர், தூக்கிக்கொண்டு ஓடுவதோ கையால். என் முதல் சந்தேகமே அதில்தான்.

சந்தேகம் என் கூடப்பிறந்தது, உங்களுக்குத் தெரியாததா? இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்த புதிதில் பொலிதேயாமா அரங்குப் பக்கம் ஓர் அமெரிக்கர் வீட்டில் வேலை. ஓய்வுபெற்ற பேராசிரியர், நான் கூப்பிடுவது புரொபெசோரே என்று; இத்தாலிய மனைவியை இழந்த தனியாள். சனிக்கிழமை மாலைகளில் கணினியில் தன் பழைய கல்லூரியின் ஆட்டம் பார்ப்பார். நான் கோப்பியோடு நுழைந்தால் போதும், "சமையலறைக்குப் போ, போ" என்று கையை ஆட்டுவார். முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். அப்படி எதை மறைக்கிறார்?

கட்டிலுக்கடியில் கிடந்த பெரிய பெட்டி வேறு அந்த மாதம் வெளியே வந்திருந்தது. வீடெல்லாம் பூச்சியுருண்டை மணம். இந்நாட்டில் இருப்பதற்கான என் பெர்மெசோ முடியும் நேரம். புதுப்பிக்க அவர் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். "பார்ப்போம்" என்று தள்ளிக்கொண்டே போனார்.

"மனுசன் சும்மாவே பெட்டியை வெளியிலை எடுக்கும்? அமெரிக்கா போகப்போகுது. நீங்கள் வேறை வீடு பாருங்கோ," என்றாள் என் மனைவி.

நான் மலையைப் பார்த்தேன். இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்கள், சைவரும் வேதக்காரரும், ஞாயிறு காலையில் பெல்லெக்ரினோ மலையேறிப் புனிதையின் குகைக்கோயிலில் நேர்த்தி வைப்பார்கள். பிள்ளைவரம் கேட்கிற இடத்தில் வெறுங்காலோடு நின்று நான் கேட்டது இதுதான்: "தாயே, அந்தக் கல்லூரிப் பெடியள் வெல்லவேணும். மனுசன் மனம் குளிர்ந்து இஞ்சையே இருக்கவேணும்."

அடுத்த சனிக்கிழமை வென்றார்கள். ஒரு சின்னக் கல்லூரியை, கடைசி நிமிடத்தில். மறுநாள் பார்த்தால் தரவரிசையில் இறங்கியிருந்தார்கள்!

"வென்றவன் எப்படி இறங்குவான், புரொபெசோரே? இதிலே ஏதோ கள்ளம் இருக்கிறது," என்றேன் அரைகுறை இத்தாலிய மொழியில்.

"பத்திரிகைக்காரர்கள் வாக்குப் போடுகிறார்கள். வென்றால் மட்டும் போதாது, அவர்கள் நம்பும்படி வெல்லவேண்டும்," என்றார்.

எல்லாக் கடதாசியும் சரியாக இருந்தும் பெர்மெசோ கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவின் வரிசையில், நம்புவார்களோ என்று நின்றவனுக்கு அது உடனே விளங்கியது. அந்தச் சூட்டோடு கேட்டுவிட்டேன்: "நீங்கள் போகப்போகிறீர்களா?"

அவர் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குளிர்கால உடுப்புகளைக் காற்றாட வைக்க எடுத்தேன் என்றார். செப்டம்பர் புழுக்கத்திலா?

"அப்படியானால் ஆட்ட நேரத்தில் என்னை ஏன் துரத்துகிறீர்கள்?"

"நீ உள்ளே வந்தால் பந்தை விடுகிறார்கள். சமையலறையில் நின்றால் வெல்கிறார்கள். உன்னை விட்டுவிட்டு நான் எங்கே போவது?"

ராசி பார்க்கிறார் மனுசன்! படித்து என்ன, பேராசிரியராக இருந்து என்ன? அன்றே கையெழுத்து வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பின் சனிக்கிழமைகளில் அடுப்படியில் நிற்பதும் என் வேலையில் சேர்ந்தது. உள்ளே அவர் கத்தினால் நானும் இங்கே கரண்டியால் தட்டுவேன்.

பெட்டிக் கதையை மட்டும் நான் இன்றும் நம்பவில்லை. போகத்தான் இருந்தார்.

அவர் கண்மூடிச் சில வருடங்கள் ஆகின்றன. அந்த வீட்டில் இப்போது வாரத்துக்கொரு சுற்றுலாக்காரர். போன சனிக்கிழமை கைபேசியை முன்னால் வைத்து, முதல்முறையாக ஓர் ஆட்டத்தை உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். போ என்று சொல்ல ஆளில்லை. தோற்றுப்போனார்கள்.