பாறைமுத்துவுக்கு அப்பன் யார்?

படக்கதை போட்டுப் பிழைக்கிறவனுக்கு முதல் சத்துரு அச்சாபீஸ், இரண்டாவது சத்துரு வாசகர். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆமாம் என்று தலையை ஆட்டுவார்கள். யுத்த காலத்தில் திண்டிவனத்து அச்சாபீஸ் ஒன்றுக்காக மாதம் ஒரு படக்கதைப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். படமும் நான்தான். கதாநாயகன் பெயர் பாறைமுத்து. பனமலையில் பிறந்தவன். ஒற்றைக் கையால் பாறையைத் தூக்குவான், ஓடுகிற ரயிலை நெஞ்சு கொடுத்து நிறுத்துவான். அப்பன் விஷயத்தில் மட்டும் என்னைப் போலவே துரதிர்ஷ்டக்காரன்.

அம்மா பார்த்த முகம்

பாறைமுத்துவின் அப்பன் கல்லுடைக்கிறவன், குடிகாரன். பெண்டாட்டி மேல் சந்தேகப்பட்டு, இவன் எனக்குப் பிறந்தவன் இல்லை என்று சொல்லிவிட்டுக் கைக்குழந்தையை விட்டுப் போனவன். நல்ல கற்பனை என்று அச்சாபீஸ் முதலாளி மெச்சினார். கற்பனையாவது மண்ணாவது. எனக்கு ஆறு வயதாகும்போது என் அப்பா அனந்தபுரம் சந்தையில் நாலு பேர் காதுபட இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் போனார். அதற்குமேல் அந்த ஊரில் தலைகாட்ட முடியாமல் அம்மா என்னை இழுத்துக்கொண்டு விழுப்புரம் வந்து, மல்லாட்டை மண்டியில் கடலை உடைக்கிற கூலிக்குப் போய் என்னை வளர்த்தாள்.

கதையில் வரும் அப்பன் முகத்தை என் அப்பாவின் முகமாகவே போட்டேன். மீசை கிடையாது, நீளமான மூக்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முதல் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது புத்தகத்தில் இந்த ஆள் திரும்பி வந்து, ஊர் நடுவில் நின்று, 'இவன் என் மகன்தான்' என்று சொல்லுவான் அம்மா என்றேன். இத்தனை வருஷத்தில் அம்மா என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"அந்தப் பன்னண்டாவது புஸ்தகத்த ஜல்தியா போடச் சொல்லுடா, அனந்தபுரத்துல நாலு பேருக்குக் காட்டணும்."

ஒன்பது பிளாக்

வாசகர்களுக்குத் தெரியாத ரகசியம் ஒன்று உண்டு. படம் அச்சடிக்க எங்களிடம் இருந்தது மொத்தமே ஒன்பது பிளாக், மரக்கட்டையில் அறைந்த துத்தநாகத் தகடுகள். பாறைமுத்து பாறை தூக்குவது ஒன்று, ரயிலை நிறுத்துவது ஒன்று, தாயார் அழுவது ஒன்று, அப்பன் முகம் ஒன்று, இப்படி. இந்த ஒன்பதையும் மாதாமாதம் இடம் மாற்றி வைத்து அச்சடிப்போம், கதை மட்டும் புதிது. துத்தநாகமெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால், பட்டணத்தில் புது பிளாக் செய்து தரமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஏழாவது மாதம் அப்பன் பிளாக் கட்டையைவிட்டுப் பெயர்ந்து, மிஷினில் சிக்கி மடங்கிப்போனது. அச்சுக் கோக்கிற கம்பாஸிட்டர் அந்தோணி என்னைக் கேட்கவில்லை. பின்னட்டையில் வருகிற தேகபுஷ்டி லேகிய விளம்பரத்தில் ஒரு முறுக்கு மீசைக்காரர் இருப்பார். அந்த பிளாக்கை எடுத்து அப்பன் இடத்தில் சொருகிவிட்டார். நான் பார்த்தபோது புத்தகக் கட்டுகள் ரயில் ஏறிப் போய்விட்டன. கத்தித் தீர்த்தேன். அந்தோணி கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"அளவு சரியா இருந்துச்சு சார், அப்பான்னா ஒரு மீசை இருந்தா நல்லாத்தானே இருக்கும்."

வளவனூர்க்காரர்

அடுத்த வாரம் விழுப்புரம் ஜங்ஷன் புத்தகக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். வளவனூரிலிருந்து வந்த கரும்புக் குடியானவர் ஒருவர் ஆறாவது புத்தகத்தையும் ஏழாவது புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் கடைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஆறு மாசம் மீசை இல்லாதவன் அப்பன், இப்போது மீசைக்காரன் அப்பன், அப்படியென்றால் அந்தக் கல்லுடைக்கிறவன் சந்தேகப்பட்டது நிஜம்தானே என்று கேட்டார். கடைக்காரரும் 'ஆமாங்க, பொம்பள மேலதான் தப்பு' என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. இதை எழுதுகிறவன் நான்தான், அந்த அம்மாள் மேல் ஒரு தப்பும் இல்லை, பிளாக்தான் மாறிப்போச்சு என்றேன். என் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அவர் புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைக் காட்டினார்.

"நீங்க மூடி மறைச்சா ஆச்சுங்களா, அந்தாளு லேகியத்தோட இங்கயே நின்னுக்கினு இருக்கறானே."

முதலாளி தீர்ப்பு

எட்டாவது புத்தகத்தில் 'படம் தவறாக அச்சாகிவிட்டது' என்று ஒரு வரி போடச் சொல்லி முதலாளியிடம் கெஞ்சினேன். அவர் வேறு சந்தோஷத்தில் இருந்தார். கடைகளில் 'பாறைமுத்து அப்பா லேகியம்' என்று கேட்டு வாங்குகிறார்களாம், லேகியம் விற்கிற வைத்தியருக்குத் தலைகால் புரியவில்லையாம். அதனால் மீசைக்காரர்தான் பாறைமுத்துவைப் பெற்றவர் என்று எட்டாவது புத்தகத்திலேயே எழுதிவிடு என்றார். அச்சாபீஸ் தப்பை அச்சாபீஸே ஒத்துக்கொள்கிற வழக்கம் எங்கேயும் கிடையாது என்றும் சொன்னார்.

அப்போதுதான் என் அம்மா கதையை வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருத்தரிடம் சொன்னேன். சந்தையில் அப்பா சொன்ன வார்த்தை வரைக்கும் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். நல்ல மனுஷர்தான்.

"கேக்கவே கஷ்டமாக்கீது தம்பி, ஆனா லேகியக்காரர் ஒரு வருஷத்துக்குப் பின்னட்டைய எடுத்துக்கிட்டாரே."

அச்சில் வந்த சாட்சி

முதலாளி சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாம், வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, 'காகிதப் பஞ்சம், புத்தகம் நின்றுபோச்சு அம்மா' என்று பொய் சொன்னேன். அம்மா நம்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வாசலில் ஒரு கிழவர் வந்து நின்றார். மீசை கிடையாது, நீளமான மூக்கு. கையில் சுருட்டிய புத்தகம். தன் முகம் புத்தகத்தில் வருகிறது என்று சந்தையில் கேள்விப்பட்டு, அட்டையில் இருந்த என் பெயரை வைத்து விசாரித்துக்கொண்டு வந்தவர் என் அப்பா. அம்மா அவசரமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு பலகையைப் போட்டாள், கேப்பைக் கூழ் கரைத்து வைத்தாள். பன்னிரண்டாவது புத்தகத்துக்கு நான் சொல்லி வைத்திருந்த அந்த வார்த்தைக்காகத்தான் அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். அவர் கூழைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, எட்டாவது புத்தகத்தைப் பிரித்து மீசைக்காரர் மேல் விரலை வைத்து அம்மாவிடம் காட்டினார்.

"அன்னிக்கு நான் சொன்னப்ப சாட்சி எங்கன்னு கேட்டாங்க, இப்ப உம் மவனே அச்சு போட்டுக் குடுத்துட்டான் பாரு."

பாறையைத் தூக்குகிற பிள்ளையைப் பெறுவது எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது, அவன் அப்பனை ஒரே முகத்தோடு பன்னிரண்டு மாசம் நிறுத்திவைக்கத்தான் உள்ளங்கை அகலத் துத்தநாகம் கிடைக்காமல் போயிற்று.