இலுப்பூர் கடலை மெஷினுக்கு எந்த மொழி?

1. டெமோ

இலுப்பூரில் கருப்பையா அண்ணனின் கடலை மில்லில் டெமோ காட்டிய அன்று, எங்கள் மெஷின் பூஞ்சைப் பருப்பை விட்டுவிட்டு நல்ல பருப்பைத் தள்ளியது.

நான் அப்போது புதுக்கோட்டையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடர். அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர்தான். ஏஐ என்று எடுத்த முதல் வேலை இது.

வேலை கேட்க எளிது. ஓடு உடைத்த நிலக்கடலைப் பருப்பு சரிவான தகட்டில் ஓடி வந்து கீழே விழும். விழும்போதே கேமரா படம் எடுக்கும். பருப்புப் படங்களைக் காட்டி நாங்கள் பழக்கிய ஏஐ மாடல் அந்தப் படத்தைப் பார்த்து, நல்லதா பூஞ்சையா என்று சொல்லும். பூஞ்சை என்றால், பருப்பு இன்னும் ஒரு சாண் இறங்குவதற்குள் ஏர் வால்வு திறந்து அதை ஊதித் தள்ள வேண்டும்.

ஊதித் தள்ளியது போய் விழும் ஒதுக்குத் தொட்டியில் கருப்பையா அண்ணன் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"ஏம்மா மலர், ஒங்க ஆபீஸ்ல காட்டுனப்ப சரியாத்தானே சொல்லுச்சு?"

"இப்பவும் சரியாத்தான் சொல்லுதுண்ணே. சொல்றதுக்குள்ள பருப்பு கீழ போயிருது. காத்து பின்னாடி வர்ற நல்ல பருப்புல அடிக்குது."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "கடலை மிட்டாய் கம்பெனிக்காரங்க போன லோடத் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. இன்னொரு லோடுல பூஞ்சை இருந்தா ஒங்க கடலையே வேணாம்னுட்டாங்க. அடுத்த வெள்ளாமை வந்து எறங்குறதுக்குள்ள முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க."

"முடியும்ணே" என்றேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

2. ஆபீஸில் நடந்த சண்டை

மெஷினின் புரோகிராமைப் பைதான் மொழியில் எழுதியிருந்தோம். மறுநாள் எங்கள் முதலாளி ராமநாதன் சார் கூப்பிட்டார். "பைதான் ஸ்லோன்னு அப்பவே சொன்னேன். நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஜாவா தெரியும். ஜாவாவுல மாத்திருங்க."

மாடலைச் செய்த சாகிர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏஐக்கு வேண்டிய லைப்ரரி, ரெடிமேட் கோடு எல்லாம் பைதான்லதான் சார் இருக்கு. கொஞ்சம் டைம் குடுங்க, நான் வேகமாக்கிடுறேன்."

சாகிர் வேகமாக்கவும் செய்தான். சராசரி நேரம் நன்றாகவே குறைந்தது. ஆனால் நான் ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தேன். நூறு படம் சரியாகப் போகும், அடுத்த படத்தில் புரோகிராம் ஒரு கணம் நிற்கும். பில் போடும் சாஃப்ட்வேரில் அந்தக் கணம் யார் கண்ணுக்கும் படாது. இங்கே அந்தக் கணத்துக்குள் பல பருப்பு விழுந்துவிடும்.

ஜாவாவிலும் இதே தொந்தரவு வரக்கூடும். பயன்படுத்தி முடித்த மெமரியை அது தானாகச் சுத்தம் பண்ணும்; அந்த நேரம் புரோகிராம் நிற்கும். எப்போது பண்ணும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே என் முடிவைச் சொன்னேன். மாடலைப் பழக்குவது பைதானிலேயே இருக்கட்டும். பழக்கி முடித்த மாடலை மெஷினில் ஓட்டும் புரோகிராமை மட்டும், மெமரியை நாமே கையாளும் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதுவோம்.

"யாரு எழுதுறது?" என்றார் சார்.

"நான் எழுதுறேன்."

"காலேஜ்ல படிச்சிருப்ப. அதுக்கப்பறம் தொட்டிருக்கியா?"

"இல்ல சார். இனிமே தொடுறேன்."

"ஆகலைன்னா?"

"ஆகலைன்னா நானே இலுப்பூர் போயி அண்ணன்கிட்ட நேராச் சொல்லிட்டு வாரேன்."

"சரி, செய்யி" என்றார் சார்.

3. சிவப்பும் நீலமும்

படித்தது எல்லாம் மறந்திருந்தது. பைதானில் நாலு வரியில் முடிகிற வேலை இதில் ஒரு பக்கம் பிடித்தது. எடுத்த மெமரியை நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும்; ஓரிடத்தில் கொடுக்காமல் விட்டுவிட்டேன், மதியம்வரை ஓடிய புரோகிராம் சாப்பாட்டு நேரத்தில் படுத்துவிட்டது. தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். கடைசியில் வேகம் வந்தது. ஒரு படத்தில்கூடத் தாமதம் இல்லை.

சந்தோஷமாக நானும் சாகிரும் இலுப்பூர் போனோம். மெஷின் முழு வேகத்தில் ஓடியது, காற்று குறி தவறாமல் அடித்தது. ஆனால் ஒதுக்குத் தொட்டி நிறைய நல்ல பருப்பு.

"இங்கிட்டு வந்து பாருங்க. போன தடவையவிட மோசமால்ல இருக்கு?" என்றார் கருப்பையா அண்ணன்.

எனக்கு வண்டியேறிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. சாகிர்தான், "அக்கா, ஒரே படத்த ரெண்டு புரோகிராமுக்கும் குடுத்துப் பாப்போம்" என்றான். மில்லிலேயே ஒரு சாக்குக் கட்டின்மேல் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தோம். பைதான் நல்லது என்று சொன்ன பருப்பை, என் புரோகிராம் பூஞ்சை என்றது. மாடலுக்குள் போகும் எண்களை வரிசையாக ஒப்பிட்டபோது விஷயம் பிடிபட்டது. கேமரா படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிற எண்களில் நீலத்தை முதலில் அனுப்புகிறது. மாடல் சிவப்பை முதலில் எதிர்பார்க்கிறது. பைதானில் சாகிர் அதை மாற்றிக் கொடுத்திருந்தான், நான் மாற்றவில்லை. செந்தோல் பருப்பெல்லாம் மாடலுக்கு நீலம் பூத்ததாகத் தெரிந்திருக்கிறது.

மாற்றியது ஒரே வரி. பருப்பை மறுபடி கொட்டச் சொன்னோம். இந்தத் தடவை தொட்டியில் கறுத்ததும் பூத்ததும்தான் விழுந்தன. கருப்பையா அண்ணன் அள்ளிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "சாப்புட்டுட்டுப் போங்க ரெண்டு பேரும்" என்றார்.

வெள்ளாமை இறங்கியது. மிட்டாய் கம்பெனியின் ஆள் வந்து, சாக்குச் சாக்காகக் குத்தி மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு லோடை ஏற்றச் சொன்னார்.

4. அடுத்த வேலை

அதன்பின் விராலிமலைப் பக்கம் விதைக்கடை வைத்திருந்த ஒருவர், விவசாயிகள் போனில் அனுப்பும் இலைப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் ஏஐ வேண்டும் என்று வந்தார். ராமநாதன் சார் எங்களைக் கேட்காமலே வேலைத் தாளில் 'சி பிளஸ் பிளஸ்' என்று எழுதி வைத்துவிட்டார்.

"இதுக்குப் பைதானே போதும் சார்" என்றேன்.

"என்னம்மா, அன்னைக்கு அவ்வளவு அடம் புடிச்ச?"

"படம் அனுப்புறவரு பதிலுக்குக் கொஞ்சம் காத்திருப்பாரு சார். அவருக்கு நோய் சரியாத் தெரியணும், அவ்வளவுதான். புது நோய் வர வர மாடலையும் மாத்திக்கிட்டே இருக்கணும். சாகிர் பைதான்ல சீக்கிரம் மாத்திருவான்."

"அப்ப நீ கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டது?"

"அது அந்த மெஷினுக்கு சார்."

எந்த மொழி நல்ல மொழி என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். புரோகிராம் எங்கே ஓடப் போகிறது, பதில் தாமதமானால் யாருக்கு என்ன ஆகும் என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்பதில்லை.